ஸ்டமாத்தியா சுற்றிய துணி

எங்கள் ஆஸ்பத்திரியில், குழந்தை அழாமல் இருக்க வேண்டுமென்றால் ஸ்டமாத்தியாவிடம் கொடு என்று ஒரு பேச்சு உண்டு. நான் எதையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கண்ணால் பார்த்துவிட்டேன். தெசலோனிக்கி நகரமே அதிரும்படி கத்திக்கொண்டு வந்த ஒரு பையனை அவள் வாங்கினாள், துணியில் ஏழு மடிப்பாகச் சுற்றினாள், மேசைமேல் கிடத்தினாள். பதினொரு நிமிடத்தில் அவன் குறட்டை விட்டான்.

இதைச் சாதாரண வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் இருந்தது அடித்தளத்தில், அணு மருத்துவப் பிரிவில். அங்கே இருதயக் கோளாறுள்ள கைக்குழந்தைகளுக்குப் படம் எடுப்பார்கள். ஊசியில் போடும் மருந்து ரத்தத்தோடு போய் இருதயத்தின் தசையில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் ஒட்டாது. மருந்திலிருந்து கிளம்பும் கதிரை மேலே இருக்கும் கேமரா எண்ணி எண்ணிப் புள்ளி வைக்கும். பத்து நிமிடமாவது குழந்தை அசையாமல் கிடந்தால்தான் அது படம். அசைந்தால் வெறும் புகை. இருதயம் பழுதான குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க எந்த டாக்டரும் முன்வர மாட்டார். ஆகவே எல்லாம் ஸ்டமாத்தியாவின் கையில் இருந்தது.

அவள் நகரின் ஓரத்துக் கலமாரியாவில் அகதிக் குடும்பத்தில் பிறந்தவள். கருங்கடல் ஓரத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜனம். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அதை மூடியதும் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் வேலை கிடைத்தது. எழுபத்திரண்டில் இந்தப் பிரிவைத் திறந்தபோது அணு என்ற பெயரைக் கேட்டே நர்சுகள் ஓட்டம் பிடித்தார்களாம். இவள்தான் போய் நின்றாள். "எனக்குக் கல்யாணமும் இல்லே, காட்சியும் இல்லே. அணு என்னை என்ன பண்ணிடும், கெடுத்துடுமா" என்று கேட்டாளாம். அதிகாரி சிரித்துவிட்டு ஆறு மாதப் பயிற்சிக்கு ஏதென்சுக்கு அனுப்பினார். திரும்பி வந்து இருபத்திரண்டு வருஷம் ஒரே அறை, ஒரே மேசை. இயந்திரம் மட்டும் இருமுறை மாறியது. அவளைப் பற்றி ஊரில் யாரும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், திங்கட்கிழமை மாடு. இதுதான் அவள் வாழ்க்கை.

மாடு என்பது ஈயப் பானைக்குள் இருக்கும் கதிர்ச் சரக்கு; மருந்து அதில் ஊறிக்கொண்டே இருக்கும். வாராவாரம் திங்களன்று புதிதாக வரும். காலையில் அதிலிருந்து அன்றைக்கான மருந்தை வடித்து எடுப்பதைக் கறப்பது என்போம். திங்களில் நுரை தள்ளும். வெள்ளிக்கிழமை ஆனால் மடி வற்றிவிடும்.

எங்கள் ஊரில் பிறக்கிற எந்தக் குழந்தையும் காப்பு இல்லாமல் இருக்காது. உள்சட்டையில் ஊக்கு, ஊக்கில் நீலக் கண் மணி, குட்டிச் சிலுவை, வசதி இருந்தால் இரண்டு புனிதர்கள் பொறித்த தங்கக் காசு. கண்ணேறு படாமல் இருக்க. ஆனால் கேமராவுக்கு உலோகம் ஆகாது. தங்கம் கொஞ்சமும் ஆகாது. கதிரைக் குடித்துவிடும், படத்தில் அந்த இடம் இருட்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு குழந்தையின் காப்பையும் கழற்றித் தாயின் கையில் கொடுப்பது ஸ்டமாத்தியாவின் வேலை. அந்த நேரத்தில் தாய்மார்களின் முகத்தைப் பார்க்க மனசு தாங்காது. பிள்ளையை இயந்திரத்துக்குக் கீழே வைக்கும் நேரம் பார்த்துக் காப்பைக் கழற்றினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"பயப்படாதே. உன் காப்பை எடுத்தா என் காப்பைப் போட்டுத்தான் அனுப்புவேன்" என்று சொல்லி, குழந்தையின் பக்கம் மூன்று முறை த்தூ த்தூ என்று துப்புவது போல ஊதுவாள். தாய்மார்கள் அதைப் பேச்சுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அது பேச்சு இல்லை. அவளுக்கு ஞானத்தகப்பன் போட்ட தங்கக் காசை அந்தச் சுற்றும் துணியின் ஒரு மூலையில், இரட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தாள். அந்த மூலை எப்போதும் குழந்தையின் காலடியில் வரும்படி சுற்றுவாள். அடையாளத்துக்கு ஒரு நீலத் தையல். அது எனக்கு மட்டும் தெரியும். ஒருமுறை தையல் பிரிந்துபோய், கண் தெரியவில்லை என்று என்னிடம் ஊசி கோத்துத் தரச் சொன்னாள்.

"அக்கா, உனக்கு என்ன பைத்தியமா" என்று கேட்டேன்.

"கேமரா நெஞ்சைப் பார்க்குது. இது காலுக்குக் கீழே கிடக்குது. உனக்கு என்னடி வந்தது" என்றாள்.

உண்மையில் எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் அந்தப் பிரிவின் டைப்பிஸ்ட். டாக்டர் லியாகோஸ் சொல்வதை அடிப்பேன், மூன்று பிரதி எடுப்பேன், சிகரெட் பிடிப்பேன். ஊசியைக் கோத்துக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

தொண்ணூற்று நான்கு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை ஸ்மாரோ வந்தாள். தாசோஸ் தீவுக்காரி. இருபத்துமூன்று வயதிருக்கும். புருஷன் சரக்குக் கப்பலில் பிரேசில் பக்கம் எங்கோ போயிருந்தான். கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை, எடை நாலரைக் கிலோ. எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானம் ஆகும்வரை குழந்தைக்குப் பெயர் கிடையாது. என் பட்டியலில் "பெண், தாய் ஸ்மாரோ" என்றுதான் இருந்தது.

குழந்தை பிறக்கும்போதே இருதயத்தின் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறி இருந்திருக்கின்றன. பத்தாம் நாளில் ஏதென்சில் திறந்து மாற்றித் தைத்தார்கள். இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் பொடிக் குழாய்களையும் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. இப்போது பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது, எடை ஏறவில்லை. ஒட்டிய குழாய் மடங்கிவிட்டதோ என்று சந்தேகம். மற்ற பரிசோதனைகள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் படம்தான் சொல்ல வேண்டும். முன்சுவருக்கு ரத்தம் போகவில்லை என்றால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இரண்டாம் தடவை திறந்தால் பிழைப்பது பாதிக்குப் பாதி என்று ஸ்மாரோவிடம் யாரோ சொல்லித் தொலைத்திருந்தார்கள்.

ஸ்டமாத்தியா காப்பைக் கழற்றினாள், ஸ்மாரோ அழுதாள், ஸ்டமாத்தியா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். எல்லாம் எப்போதும் போலத்தான். ஒன்றே ஒன்று மாறியிருந்தது. கையில் நரம்பு கிடைக்காமல் வார்டில் பாதத்தில் ஊசிக்குழாய் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதை அசைக்கக் கூடாது என்றார்கள். ஆகவே காலைத் திறந்து விட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. அதற்காகத் துணியைத் திருப்பிப் போட்டாள். கை தானாக வேலை செய்தது. ஏழாவது மடிப்பு குழந்தையின் நெஞ்சைக் குறுக்கே கடந்து இடது கைக்கடியில் செருகிக்கொண்டது.

நேர்ப்படம் பத்து நிமிடம் நன்றாக விழுந்தது. பக்கவாட்டுப் படத்துக்குக் கேமராவைத் திருப்பும்போது குழந்தை விழித்துக்கொண்டு கத்தியது. அந்தப் படம் புகை. டாக்டர் லியாகோஸ் நேர்ப்படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இருதயத்தின் முன்சுவரில் ரத்த ஓட்டம் இல்லை. அவசரம்." நான் அடித்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு நான் எள் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டமாத்தியா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எவான்தியா, துணியை அவுக்கறப்போ காசு மேலே இருந்துது."

"மேலேன்னா?"

"இங்கே." தன் இடது மார்புக்குப் பக்கத்தில், கையிடுக்கில் தொட்டுக் காட்டினாள். "நான் அவுக்கறப்போ இங்கே இருந்துது. படம் எடுக்கறப்போ எங்கே இருந்துதுன்னு தெரியலே. அவ கத்தினப்போ உதைச்சா. நகர்ந்திருக்கலாம். நகராமலும் இருக்கலாம்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழந்தைக்காக அல்ல என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவளுக்காக. ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. இருபத்திரண்டு வருஷம் கருவிக்குக் கீழே தங்கத்தை வைத்துக் குழந்தைகளைப் படம் எடுத்தாள் என்று தெரிந்தால் வேலை போகும், பென்ஷன் போகும், பேப்பரில் பெயர் வரும். ஊசி கோத்துக் கொடுத்தவளையும் கேட்பார்கள்.

"அக்கா, டாக்டர் எத்தனை ஆயிரம் படம் பார்த்தவர். காசுக்கும் இருதயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா அவருக்கு?"

"அவருக்குக் காசு இருக்கறதே தெரியாதே."

"குழந்தைக்கு வேர்க்குதா இல்லையா? எடை ஏறலியா இல்லையா? படம் என்னத்தைக் காட்டினாலும் அது நோஞ்சான் குழந்தை. ஏதென்சுல அவங்க மறுபடியும் எல்லாம் பார்த்துட்டுத்தான் கத்தியை எடுப்பாங்க."

"பார்ப்பாங்களா?"

"பார்க்காம? நீ வாயை மூடிக்கிட்டு இரு. துணியைத் தூக்கிப் போடு. காசைக் கழுத்துல மாட்டிக்கோ."

அவள் என் சிகரெட்டில் ஒன்றை எடுத்தாள். அவளுக்குப் புகைக்கும் பழக்கமே கிடையாது. பற்ற வைக்காமல் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். ஏதென்சில் மறுபடி பார்ப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொன்னேன். பிறகு விசாரித்தேன்: எங்கள் படத்தை நம்பித்தான் அவர்கள் அறையைத் தயார் செய்திருந்தார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கத்தி.

வெள்ளிக்கிழமை காலை. சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம், நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் என்று முடிவாகியிருந்தது. ஸ்டமாத்தியா என்னோடு பேசவில்லை. ஏழு மணிக்கு மாட்டைக் கறந்தாள், எலும்புப் படத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மருந்து பிரித்தாள். துணி கொக்கியில் தொங்கியது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஸ்மாரோ குழந்தையோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. மாமியார் சொல்லி அனுப்பியிருந்த பெயர் அவளிடம் இருந்தது, பாதிரியார்தான் இல்லை. ஆஸ்பத்திரிச் சர்ச்சின் பாதிரியார் ஒரு சாவுக்குப் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார்.

"அக்கா, பேர் இல்லாம இவளை அனுப்ப மாட்டேன்" என்றாள் ஸ்மாரோ. "ஏதாவது ஆச்சுன்னா பேர் இல்லாமலா புதைக்கறது? ஆகாசத்துல தூக்கி ஞானஸ்நானம் பண்ணிடு. யார் வேணும்னாலும் பண்ணலாமாமே."

பண்ணலாம். தண்ணீருக்கும் பாதிரியாருக்கும் நேரமில்லாதபோது, ஞானஸ்நானம் பெற்ற யாரும் சாகக்கிடக்கும் குழந்தையை மூன்று முறை வானத்தை நோக்கித் தூக்கிப் பெயர் சொல்லலாம். எங்களுக்கு அது செல்லும்.

"வார்டு நர்சைக் கேளேன்" என்றாள் ஸ்டமாத்தியா.

"நீதான் வேணும். நேத்து உன் கையிலதான் இவ தூங்கினா. என்கிட்டகூட அப்படித் தூங்கினதில்லே."

நான் ஏதோ காகிதத்தை எடுக்க வந்தவள் போல வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டமாத்தியா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் குழந்தையை வாங்கினாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று யோசித்துத் திரும்பி நின்றாள். அடித்தளத்தில் ஜன்னல் கிடையாது. "தேவனின் அடியாள் தோம்னா ஞானஸ்நானம் பெறுகிறாள், பிதாவின் பெயரால்" என்று சொல்லித் தூக்கினாள், இறக்கினாள். ஸ்மாரோ ஆமென் என்றாள். மறுபடி தூக்கினாள். "சுதனின்" என்றாள். அதோடு நின்றுவிட்டது. கை மேலேயே இருந்தது. குழந்தை மேலிருந்து அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஸ்மாரோ ஆமென் சொல்லக் காத்திருந்தாள். ஸ்டமாத்தியாவின் முழங்கை தளரத் தொடங்கியதும் குழந்தை விழுந்துவிடுமோ என்று நான் ஓரடி முன்னே வைத்தேன்.

அவள் மெதுவாக இறக்கித் தாயின் கையில் கொடுத்தாள். "இரு. நான் டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வர்றேன். நீயும் வா. உனக்கும்தான் சொல்லணும்" என்றாள்.

டாக்டர் லியாகோஸ் நல்லவர், ஆனால் கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு உட்கார்ந்தார்.

"எத்தனை குழந்தைக்கு?"

"எல்லாக் குழந்தைக்கும் டாக்டர். ஆனா கால் பக்கம். எப்பவும் கால் பக்கம்தான்."

"நேத்து?"

"நேத்து கால்ல ஊசி இருந்துது. துணியைத் திருப்பினேன். எங்கே வந்துதுன்னு எனக்குத் தெரியலே. சத்தியமா தெரியலே."

"ஸ்டமாத்தியாம்மா, நீங்கதான் எனக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்தீங்க. உலோகம் வேண்டாம்னு எனக்கே நீங்கதான் சொன்னீங்க."

ஸ்மாரோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது.

"அப்போ இவளுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லலேம்மா" என்றார் டாக்டர். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

துணியை எடுத்து, கேமராவைச் சோதிக்க வைத்திருக்கும் கதிர்த் தட்டின் மேல் வைத்துக் கேமராவுக்குக் கீழே தள்ளினார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதை நேற்றைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேற்றைய இருட்டு அந்த வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஓரமும் மங்கலாக இருந்தது. காசு அசைந்திருந்தால் அப்படி இருக்கும். நிஜமாகவே ரத்தம் போகாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

மறுபடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் காலையில் கறந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, அதுவும் வெள்ளிக்கிழமை மாடு. ஒரு மணிவரையாவது ஊற விட வேண்டும். கறந்து, மருந்தைக் காய்ச்சி, ஊசி போட்டு, பால் கொடுத்து, அது இருதயத்தில் சேர ஒரு மணி நேரம் பொறுத்து, அப்புறம் படம். ஆம்புலன்ஸ் நாலு மணிக்கு. ஏதென்சுக்கு போன் செய்து நிறுத்துங்கள் என்றும் சொல்ல முடியாது. நிஜமாகவே குழாய் அடைத்திருந்தால் ஒரு நாள் தாமதமும் ஆபத்து, அந்த அறை மறுபடி கிடைக்க ஒரு வாரம் ஆகும்.

அந்த மூன்றரை மணி நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். ஸ்மாரோ நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஸ்டமாத்தியா எதிர்ச் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன், இருவரும் தொடவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவள் தன் கனத்தை இறக்கி வைத்துவிட்டாள். என் மடியில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலை இருப்பதுபோல் வெறும் தாளில் ஏதேதோ அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே கால் மணிக்குக் கறந்தார்கள். டாக்டரே அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போதும். ஆனா தண்ணி. இருபது நிமிஷம் அசையாம இருந்தாத்தான் படம் தேறும்."

மூன்று மணிக்கு மேசை தயாரானது. சுற்றுவதற்கு மேல்மாடியிலிருந்து ஒரு நர்சை அழைத்து வந்திருந்தார். நல்ல பெண்தான். சுற்றினாள், குழந்தை கத்தியது. பிரித்துச் சுற்றினாள், நீலம் பாரிக்கும்படி கத்தியது. மணி மூன்று ஐந்து. ஸ்டமாத்தியா சுவரோரம் நின்றபடி இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வார்டிலிருந்து வந்த வெறும் வெள்ளைத் துணியை எடுத்து உதறினார், நான்கு மூலையையும் விரலால் நசுக்கிப் பார்த்தார். "நீங்களே சுத்துங்க" என்றார்.

ஸ்டமாத்தியா ஸ்மாரோவைப் பார்த்தாள். ஸ்மாரோ குழந்தையை நீட்டினாள்.

ஏழு மடிப்பு. இந்த முறை அவள் த்தூ என்று ஊதவில்லை. மடிப்பு மடிப்பாகவே விழுந்தது. குழந்தை இரண்டு தடவை விசும்பிவிட்டு உறங்கிப்போனது.

திரையில் முதலில் ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமைச் சரக்கு, புள்ளிகள் ஒவ்வொன்றாகத்தான் விழுந்தன. ஐந்து நிமிடத்தில் கல்லீரல் தெரிந்தது. எட்டு நிமிடத்தில் குதிரை லாடம் மாதிரி ஏதோ ஒன்று, முன்பக்கம் நேற்றைப் போலவே வெறுமையாக. டாக்டர் மூக்கைத் தேய்த்தார். மணி மூன்று இருபத்தொன்று. நான் ஸ்டமாத்தியாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, குழந்தையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்க்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை குறைவு. ஆனாலும் அன்றைக்கு வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் வெறுமை சாம்பல் நிறமாயிற்று. பதினைந்தில் அங்கே புள்ளிகள் நெருங்கின. டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். இருபதாவது நிமிடம் லாடம் முழுசாக இருந்தது, எங்கும் ஓட்டையில்லை. அவர் கேமராவை மெதுவாகத் திருப்பிப் பக்கவாட்டுப் படமும் எடுத்தார். ஆம்புலன்ஸ்காரன் வந்து கதவைத் தட்டினான். "நில்லுப்பா" என்றார். பக்கவாட்டிலும் முழுசு.

"ரத்தம் போகுது" என்றார். "எல்லா இடத்துக்கும் போகுது. ஏதென்ஸ் வேண்டாம்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வியர்வைக்கும் எடைக்கும் வேறு காரணம் இருந்தது, மருந்திலேயே தீரும் காரணம். அது அடுத்த வாரம் தெரிந்தது. ஸ்மாரோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து, மேசையிலிருந்து குழந்தையை எடுத்துத் துணியோடு அணைத்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்போ தெரியும் அக்கா?" என்று ஸ்டமாத்தியாவைக் கேட்டாள்.

"நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானமா?" அவள் குரல் உயரவே இல்லை. "நேத்து ராத்திரி முழுக்க நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? ரெண்டு கவுன் இருக்கு, மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. எதைப் போட்டுப் புதைக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். நேத்தே ஏன் சொல்லலே?"

நான் வாசலில் நின்றிருந்தேன், மூன்றடி தூரம். ஸ்டமாத்தியா என் பக்கம் திரும்பவில்லை.

"பயந்துட்டேம்மா" என்றாள்.

ஸ்மாரோ தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையோடு படியேறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அடித்தளத்துக்கு வரவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து விசாரணை நடந்தது. நிர்வாகத்திலிருந்து இருவர் வந்தார்கள். ஸ்டமாத்தியா எதையும் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. ஓய்வுவரை அவளைத் துணிக்கிடங்குக்குத் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. பென்ஷனில் கை வைக்கவில்லை. வாக்குமூலத்தை அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிரிவில் வேறு டைப்பிஸ்ட் இல்லை.

எல்லாம் முடியும் நேரத்தில் வந்தவர்களில் மூத்தவர் கேட்டார்: "வியாழக்கிழமையே இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா? யாராவது சொல்ல வேண்டாம்னு தடுத்தாங்களா?"

என் விரல்கள் எழுத்துகளின் மேல் நின்றன. ஸ்டமாத்தியா மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இல்லே. யார்கிட்டயும் சொல்லலே."

"அடிங்க" என்றார் அவர் என்னிடம்.

நான் அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, முற்றுப்புள்ளி. தாளை உருவி, மூன்று பிரதியையும் அடுக்கி, கையெழுத்துப் போட அவளிடம் நீட்டினேன்.